காரின் பின்னால் ஹிட்ச் ரேக்கில் சைக்கிள் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு தூரமாகப் போய் ஓட்டிவிட்டு வரும் குழு ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக ஹிட்ச் ரேக் வாங்கியவர்கள் கிளம்பும் நேரத்தில் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் எடை, ஆட்டம் என்ற இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நான் நேரில் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் வந்தவை.

ஹிட்ச் ரேக்னா என்ன? டிக்கியில பட்டை போட்டுக் கட்டுற கேரியர்தானே?

இல்லை, இரண்டும் வேறு. டிக்கி கேரியர் பின்கதவின் விளிம்பில் கொக்கிகளை மாட்டி, பட்டையால் இழுத்துக் கட்டுவது. சைக்கிளின் எடை முழுவதும் கதவுத் தகட்டின் மீதும் அதன் கீல்களின் மீதும் இறங்கும். கொக்கி படும் இடத்தில் பெயிண்ட் போகும், சில கார்களில் தகடே நசுங்கும்.

ஹிட்ச் என்பது ட்ரெய்லர் இழுப்பதற்காகக் காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு. அந்த இரும்பில் மாட்டுகிற ரேக்தான் ஹிட்ச் ரேக். காரின் உடம்பை அது தொடுவதே இல்லை. கூரை கேரியரோடு ஒப்பிட்டால் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம், காற்றுத் தடையும் பெட்ரோல் செலவும் குறைவு. மேலே சைக்கிள் இருப்பதை மறந்து தாழ்வான பார்க்கிங் கூரைக்குள் நுழைந்துவிடும் ஆபத்தும் இல்லை.

என் கார்ல ஹிட்ச்சே இல்ல. தனியா வாங்கி மாட்டிக்கலாமா?

பல கார்களுக்கு மாட்டலாம். முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள். ட்ரெய்லர் இழுக்க அனுமதி உண்டா, ஹிட்ச்சின் மீது செங்குத்தாக எத்தனை கிலோ இறங்கலாம் என்ற இரண்டு தகவல்களும் அதில் இருக்கும். சில மாடல்களுக்கு ட்ரெய்லர் இழுக்க அனுமதி இருக்காது, ஆனால் சைக்கிள் ரேக் வரைக்கும் பாரம் ஏற்றலாம் என்று போட்டிருப்பார்கள்.

மாட்டும்போது அந்த மாடலுக்கென்றே செய்த ஹிட்ச்சாகப் பார்த்து, அடிச்சட்டத்தில் அதற்கென இருக்கும் இடங்களில் மாட்டச் சொல்லுங்கள். பம்பரோடு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். பம்பர் மோதலைத் தாங்கச் செய்தது, மணிக்கணக்கில் குலுங்கும் பாரத்தைத் தாங்க அல்ல.

ஒருத்தர் 2 இன்ச்ங்கறார், இன்னொருத்தர் பந்து மாதிரி இருக்கும்ங்கறார். எது சரி?

இரண்டு பேரும் சரிதான். ஹிட்ச்சில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று சதுரக் குழாய். இதற்கு ரிசீவர் என்று பெயர், ரேக்கின் தண்டு இதற்குள் நுழையும். வட அமெரிக்க முறை இது. சிறிய கார்களில் 1¼ இன்ச், அதாவது சுமார் 32 மி.மீ. பெரிய கார்களிலும் பிக்கப்களிலும் 2 இன்ச், சுமார் 51 மி.மீ. இன்னொன்று ஐரோப்பாவில் வழக்கமான 50 மி.மீ. உருண்டை. ரேக் அந்த உருண்டையின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும்.

ரேக் வாங்கும் முன் ரிசீவரின் உள்வாயை அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். வெளிப்பக்கத்தை அளந்துவிட்டுத் தவறான ரேக்கோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாலு சைக்கிள் ரேக்னு அட்டையில போட்டிருக்கு. அப்போ நாலு ஏத்தலாம்ல?

அட்டையில் போட்டிருப்பது ரேக்கில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை. உங்கள் கார் எவ்வளவு தாங்கும் என்பது அந்த அட்டைக்குத் தெரியாது. மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: ஹிட்ச்சின் செங்குத்து பார வரம்பு, ரேக்கின் சொந்த எடை, ரேக் தாங்கும் மொத்த எடை. ஒரு காரின் வரம்பு 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரேக் மட்டுமே 18 கிலோ. மீதி 57. ரேக் 60 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும் நமக்கு 57தான், குறைந்த எண்தான் கணக்கு. 15 கிலோ சைக்கிள் மூன்று என்றால் 45, சரி. நான்காவதை வைத்தால் 60, தாண்டிவிட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரம்பும் உண்டு, அதையும் கையேட்டில் பாருங்கள்.

சதுரக் குழாய் ஹிட்ச்சுகளைப் பலத்தை வைத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள். முதல் வகுப்புக்குப் பொதுவாகச் சுமார் 90 கிலோ, இரண்டாம் வகுப்புக்குச் சுமார் 135 முதல் 160 கிலோ என்று வரம்பு வரும். இந்த எண்கள் ட்ரெய்லரின் மூக்கு நேராக ஹிட்ச்சின் மேல் அழுத்துவதை வைத்துப் போட்டவை. சைக்கிளோ அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எடை அதேதான், தோளுக்கு வரும் வலி வேறு. அதனால் வரம்பின் நுனி வரை ஏற்றாமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். எடை கூடிய சைக்கிளைக் காரை ஒட்டி முதலில் வையுங்கள்.

தொங்கவிடுற ரேக், தட்டு ரேக்: எது நல்லது?

தொங்கவிடும் ரேக்கில் இரண்டு கைகள் நீண்டிருக்கும், சைக்கிளின் நடு பாரை அவற்றின் மேல் வைத்துப் பட்டையால் கட்டுவோம். எடை குறைவு, மடித்து வைக்க எளிது, விலையும் குறைவு. தட்டு ரேக்கில் இரண்டு சக்கரங்களும் ஒரு நீளத் தட்டில் நிற்கும். முன் டயரை ஒரு கொக்கிக் கை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும், அல்லது ஒரு கவ்வி ஃப்ரேமைப் பிடிக்கும்.

வாங்க முடிந்தால் தட்டு ரேக் வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஏற்றுவதும் இறக்குவதும் சுலபம், சைக்கிள்கள் ஊசலாடாது, எந்த வடிவ ஃப்ரேமும் நிற்கும். ரேக் கனமாக இருக்கும் என்பது மட்டும்தான் குறை, அது முந்தைய பதிலில் போட்ட கணக்கைத் தின்றுவிடும்.

லேடீஸ் சைக்கிள்ல நடு பார் இல்லையே, எப்படித் தொங்கவிடறது?

இதற்கென்று தற்காலிக பார் கிடைக்கிறது. ஒரு முனை ஹேண்டில்பாரின் கழுத்தில், மறுமுனை சீட் தண்டில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிடித்துத் தொங்கவிடலாம். சாதாரண எடையுள்ள சைக்கிளுக்கு இது போதும். மின்சார சைக்கிளுக்கு வேண்டாம். 25 கிலோவும் அந்தச் சின்னக் குழாயில் தொங்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் அது இரண்டு மடங்கு இழுக்கும்.

கார்பன் ஃப்ரேம் வச்சிருக்கேன். பயமா இருக்கு.

பயப்பட வேண்டியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: குழாயைக் கவ்விப் பிடிப்பது. கார்பன் குழாய் நீளவாக்கில் வரும் விசையைத் தாங்கும்படி செய்தது. ஒரு இடத்தில் பக்கவாட்டில் நெரித்தால் உள்ளே விரிசல் விடலாம், வெளியில் பெயிண்ட் அப்படியே இருக்கும். அதனால் ஃப்ரேம் கவ்வி வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். முன் டயரை மட்டும் பிடிக்கும் தட்டு ரேக்தான் சரி. கொக்கிக் கை ஃபோர்க்குக்குப் பக்கத்தில் டயர் மேல் உட்கார வேண்டும், ஆனால் ஃபோர்க்கையோ பிரேக்கையோ தொடக்கூடாது. நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

மட்கார்ட் போட்ட சைக்கிள், தடி டயர் சைக்கிள், பசங்க சைக்கிள் எல்லாம் நிக்குமா?

டயர் மேல் அழுத்தும் கொக்கி முன் மட்கார்டை நசுக்கும். அப்படிப்பட்ட சைக்கிளுக்கு ஃப்ரேமைப் பிடிக்கும் வகையோ, சக்கரத்தை முன்னும் பின்னுமாகப் பிடிக்கும் வகையோ பொருந்தும். 4, 5 இன்ச் தடி டயருக்கு அகலத் தட்டும் நீளப் பட்டையும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பசங்க சைக்கிளில், சக்கரம் 20 இன்ச்சுக்குக் கீழே இருந்தால் பல ரேக்குகளின் கொக்கி எட்டாது. கையேட்டில் குறைந்தபட்ச அளவு இருக்கும்.

நல்லா மாட்டினதுக்கு அப்புறமும் ரேக் ஆடுது. ஆடலாமா?

சைக்கிள் ஏற்றியபின் ரேக்கின் நுனி லேசாக வளைந்து கொடுப்பது இயல்பு. ரிசீவருக்குள் தண்டு ‘டொக் டொக்’ என்று அடித்துக்கொள்வது இயல்பல்ல. ரிசீவரின் வாய் தண்டைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே நுழையாது. ரிசீவரையும் தண்டையும் குறுக்கே கோக்கும் இரும்பு ஆணிக்கு ஹிட்ச் பின் (pin) என்று பெயர். அதை வெறுமனே செருகினால் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். ரிசீவரில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம், ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் கடைசி சைக்கிளில் பல மடங்கு ஆகிவிடும். அந்த அடியில்தான் போல்ட் தளர்கிறது, பட்டை நழுவுகிறது, வெல்டிங்கில் விரிசல் விழுகிறது.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மரை போட்ட ஹிட்ச் பின் தண்டை ரிசீவரின் ஒரு பக்கச் சுவரோடு இழுத்து இறுக்கும். சில ரேக்குகளில் தண்டின் நுனியிலேயே ஒரு ஆப்பு இருக்கும், வெளியே குமிழைத் திருகினால் அது உள்ளே விரிந்து கவ்வும். இரண்டும் இல்லாத பழைய ரேக்குக்கு ரிசீவர் வாயில் மாட்டும் யு வடிவக் கவ்வி தனியாகக் கிடைக்கிறது.

சரியாக இறுகியதா என்று தெரிந்துகொள்ள, ரேக்கின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ரேக் மட்டும் ஆடினால் இறுகவில்லை. காரும் சேர்ந்து ஸ்பிரிங்கில் குலுங்கினால் இறுகிவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் இதைச் செய்கிறேன், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடியும் செய்கிறேன். புதுப் பட்டையும் புது மரையும் முதல் குலுக்கலில்தான் அமரும்.

ரெண்டு சைக்கிளும் ஒண்ணோட ஒண்ணு உரசுது. நடுவுல துணி வச்சாப் போதுமா?

துணி காற்றில் பறந்துவிடும். பறக்காவிட்டால் தூசி அதில் ஏறி உப்புக்காகிதம் மாதிரி தேய்க்கும். என் பழைய சைக்கிளின் கீழ்க்குழாயில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான வட்டம் இருக்கிறது. பக்கத்து சைக்கிளின் பெடல், அதைச் சுற்றிக் கட்டிய துண்டோடு சேர்ந்து ஒரே பயணத்தில் உண்டாக்கியது. பெயிண்ட் போய் அலுமினியம் தெரிகிறது.

சைக்கிள்களை ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஹேண்டில்பார் அடுத்த சைக்கிளின் சீட்டில் இடித்தால் சீட்டை இறக்குங்கள். ஏற்றியபின் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த ஃப்ரேமுக்கு எங்கே இடைவெளி அதிகமோ அங்கே நிறுத்தி, கிராங்கைப் பட்டையால் கட்டிவிடுங்கள். தொங்கும் ரேக்கில் முன் சக்கரத்தையும் ஃப்ரேமோடு சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் காற்றில் திரும்பித் திரும்பி அடிக்கும். பட்டையின் நீளும் வாலையும் செருகி முடியுங்கள். காரின் பெயிண்டை ஒரு பட்டை நுனி எப்படிச் சுரண்டும் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

சைலன்சர் சூடு பட்டு டயர் கெட்டுப்போகும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம், கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒருவருடைய சைக்கிள் தொங்கும் ரேக்கில் வந்தது. பின் சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேராக, ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. போய் இறக்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மட்டும் மங்கிப்போய், தொட்டால் பிசுபிசுத்தது. காற்றடித்ததும் அந்த இடம் கொப்பளம் மாதிரி எழும்பியது. அன்றைக்கு அவர் ஓட்டவில்லை.

கார்பன் ரிம் என்றால் சேதம் இன்னும் பெரிது, அதைக் கெட்டியாக வைத்திருக்கும் பசை சூட்டில் இளகிவிடும். கார் ஓடும்போது காற்று சூட்டைக் கலைத்துவிடும். நெரிசலில் என்ஜினோடு நிற்கும்போதுதான் அது ஒரே இடத்தில் படுகிறது. ஏற்றியபின் குனிந்து சைலன்சர் வாய் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். சக்கரம் நேர் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பி வையுங்கள், அல்லது தட்டை உயர்த்துங்கள். சில ரேக்குகளுக்கு வெப்பத் தடுப்புத் தகடும் வருகிறது.

பேட்டரி சைக்கிள் ஏத்தலாமா?

ஏற்றலாம். எடைதான் கேள்வி. மின்சார சைக்கிள்கள் பொதுவாக 20 முதல் 30 கிலோ வரை இருக்கும், பல ரேக்குகளில் ஒரு இடத்துக்கு அனுமதி அதைவிடக் குறைவு. கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு கிலோ குறையும், மழையும் படாது. பேட்டரி இருந்த இடத்தின் மின்முனைகளை மூடிவிடுங்கள். தூக்கி வைக்க முடியாதவர்கள் சாய்வுத் தளத்தோடு வரும் தட்டு ரேக்காகப் பார்த்து வாங்குங்கள், முதுகு தப்பிக்கும்.

நம்பர் பிளேட் மறையுதே, போலீஸ் பிடிப்பாங்களா?

நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையக்கூடாது என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டம். உருண்டை ஹிட்ச் ரேக்குகள் பலவற்றில் விளக்குப் பலகையும் நம்பர் பிளேட் மாட்டும் இடமும் சேர்ந்தே வரும், 7 அல்லது 13 முனை பிளக்கைக் காரில் செருகினால் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் அதில் எரியும். சதுரக் குழாய் ரேக்குகளில் இதைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டியிருக்கும்.

சட்டத்தை விடுங்கள், பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு தெரிய வேண்டும். சைக்கிள்களை ஏற்றிவிட்டு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இருபதடி பின்னால் நின்று நீங்களே பாருங்கள்.

ரிவர்ஸ் எடுத்தா சென்சார் கத்திக்கிட்டே இருக்கு, கார் தானா பிரேக் போடுது.

சென்சாருக்கு சைக்கிள் ஒரு சுவர் மாதிரி தெரிகிறது. காரோடு வந்த ஹிட்ச்சில் பிளக் செருகினால் பல கார்கள் தானாகவே பின் சென்சாரை நிறுத்திவிடும். மற்றவற்றில் அமைப்புகளுக்குள் போய் பின்பக்க உதவியையும் தானியங்கி பிரேக்கையும் நிறுத்த வேண்டும், ரேக்கைக் கழற்றியதும் திரும்பப் போட வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது கார் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமாகிவிட்டது என்பதை நினைவில் வைத்து, ஒருவரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேக் மாட்டினா டிக்கி திறக்குமா?

சாயும் ரேக் என்றால் சைக்கிளோடு சாய்த்துத் திறக்கலாம். சாய்க்கும்போது மொத்த எடையும் உங்கள் கைக்கு வரும், அதனால் கையை வைத்துத் தாங்கியபடி விடுங்கள். சாயாத ரேக் என்றால் சாப்பாடு, தண்ணீர், மழைச்சட்டையை எல்லாம் பின் சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எவ்வளவு வேகத்துல போகலாம்? மேடு பள்ளம் பரவாயில்லையா?

பல ரேக்குகளின் கையேட்டில் மணிக்கு 130 கி.மீ. உச்ச வரம்பு. நான் 100ஐத் தாண்டுவதில்லை. வேகத்தைவிட மேடுதான் பெரிய சோதனை. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரம் ஒவ்வொரு வேகத்தடையிலும் சாட்டை மாதிரி வீசும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்குங்கள். செங்குத்தான சரிவில் ஏறும்போது ரேக்கின் அடி தரையில் உரசலாம். மண்பாதைக்குச் சில தயாரிப்பாளர்கள் எடை வரம்பையே குறைத்துத்தான் எழுதுகிறார்கள்.

மழைக்குக் கவர் போட்டு ஓட்டலாமா?

ஓடும்போது கவர் வேண்டாம். அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், பல தயாரிப்பாளர்கள் இதை வெளிப்படையாகவே தடுக்கிறார்கள். குழந்தை சீட், கூடை, பை, தண்ணீர் பாட்டில், பம்ப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மழையில் போனால் இறக்கியதும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும்.

ரேக்ல பூட்டு இருக்கு. விட்டுட்டு சாப்பிடப் போகலாமா?

கார் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தால் போகலாம். ரேக்கோடு வரும் மெல்லிய கம்பிப் பூட்டு, போகிற போக்கில் எடுக்க நினைப்பவரைத்தான் தடுக்கும், கட்டிங் பிளேயர் வைத்திருப்பவரை அல்ல. ஹிட்ச் பின்னுக்கும் பூட்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் ரேக்கையே சைக்கிளோடு உருவிவிடலாம். நல்ல தடித்த சங்கிலி ஒன்றை ஃப்ரேம்கள் வழியாகக் கோத்து ஹிட்ச்சின் வளையத்தில் பூட்டுவது என் வழக்கம்.

என்னுது 1¼ இன்ச். அடாப்டர் போட்டு 2 இன்ச் ரேக் மாட்டலாமா? ஸ்டெப்னி இடிக்குதுன்னா நீட்டிப்புக் குழாய் போடலாமா?

மாட்ட முடியும், ஆனால் ஹிட்ச்சின் பலம் அதனால் கூடாது. 1¼ இன்ச்சின் வரம்பு எதுவோ அதுதான் வரம்பு. அடாப்டரும் நீட்டிப்புக் குழாயும் பாரத்தை இன்னும் பின்னால் தள்ளுகின்றன, குடக் கதையில் கை இன்னும் நீள்கிறது. நீட்டிப்புக் குழாய் போட்டால் வரம்பைப் பாதியாக எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். இணைப்பு ஒன்று கூடினால் ஆட்டமும் ஒன்று கூடும், இரண்டு இடத்திலும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஒரே ஒரு சாதாரண சைக்கிள் என்றால் சரி. மூன்று சைக்கிளுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ட்ரெய்லர் வீட்டுக்குப் பின்னால இதே ரேக்கை மாட்டலாம்ல?

கையேட்டில் ட்ரெய்லருக்கும் கேரவனுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும். ட்ரெய்லரின் பின்முனை காரைவிட மிக அதிகமாகத் துள்ளும். காரில் வருடக்கணக்கில் உழைத்த ரேக் அங்கே முறியலாம். பின்முனையில் பாரம் ஏறினால் ட்ரெய்லரின் மூக்கு இலேசாகி, வேகத்தில் வாலாட்டவும் தொடங்கும். அது பின்னால் வருபவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய ரேக் ஒண்ணு கிடைக்குது. வாங்கலாமா?

வாங்கலாம், பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. வெல்டிங் ஓரங்களில் முடி மாதிரி விரிசலோ, துருக் கோடோ இருந்தால் விட்டுவிடுங்கள். ரப்பர் பட்டைகளை வளைத்துப் பாருங்கள், வெயில் தின்றிருந்தால் மேலே சின்னச் சின்ன வெடிப்பு தெரியும். பட்டை தனியாகக் கிடைக்கும், மாற்றிவிடலாம். மடிக்கும் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா, பூட்டுக்குச் சாவி இருக்கிறதா, எடை வரம்பு எழுதிய ஸ்டிக்கர் படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் போயிருந்தால் மாடல் எண்ணை வைத்துக் கையேட்டைத் தேடி எடுத்து, நான்கு சைக்கிள் கேள்வியில் போட்ட கணக்கைப் போட்டபின் பணத்தைக் கொடுங்கள்.